கொத்தவால்சாவடி மண்டிச் சிட்டை: இந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

ஏழுகிணற்றுக்காரி எழுதியது:

என் அப்பா சென்னையின் பழைய காய்கறி மொத்தச் சந்தையான கொத்தவால்சாவடியில் ஒரு வெங்காய மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பதினெட்டு வயதில் சேர்ந்து, 1996இல் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போகும்வரை அதே மண்டி, அதே மணைப்பலகை. போன தை மாதம் காலமானார். காரியமெல்லாம் முடிந்து பரணை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டிக்குள் மூன்று சிட்டைகள் கிடைத்தன. நீளமாக, ஒடுக்கமாக, சிவப்புத் துணி ஒட்டிய அட்டையோடு இருக்குமே, அந்த மாதிரிக் கணக்கு நோட்டு. இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. மூன்றாவது முழுசாக இருக்கிறது. நடுப்பக்கத்தில் ஒரு வெங்காயச் சருகு அப்படியே ஒட்டியிருந்தது, கண்ணாடித்தாள் மாதிரி. அதை எடுக்க மனசு வரவில்லை.

எழுத்து அப்பாவுடையதுதான். ஆனால் என்ன எழுதியிருக்கிறார் என்று புரியவில்லை. மூன்று வரிகளை அப்படியே தருகிறேன்:

பட்டாளம் ஆயா – கூரு – நா
கல் மூக்குத்தி – எஅ – நா
மூலக்கொத்தளம் ரெட்டைச்சடை – ருஉ – நா

பக்கம் பக்கமாக இப்படித்தான். 'ரு' என்பது ரூபாய் என்று முதலில் நினைத்தேன். அப்படியானால் தொகை எங்கே? 'கூ' என்றால் கூடையா? எல்லா வரியும் 'நா' என்று ஏன் முடிகிறது? சில இடங்களில் 'வ' எழுத்தை வால் இழுத்துவிட்ட மாதிரி ஒரு குறியும் இருக்கிறது. மேலே ஒரு பக்கத்தில் 'தாது' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் இன்னொரு நெளிந்த குறி.

அப்பா இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். சின்ன வயதில் ஒருதரம் கேட்டேன். "அது கடைக் கணக்கும்மா, உனக்கு எதுக்கு" என்று மூடி வைத்துவிட்டார்.

எனக்கு அந்த இடம் பத்து வயதிலிருந்து பழக்கம். விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா தூக்குவாளியில் காபி ஊற்றிக் கொடுப்பாள். ஏழுகிணற்றிலிருந்து நடந்தே போய்விடுவேன். ஆதியப்ப நாயக்கன் தெரு திரும்பும்போதே காலுக்குக் கீழே கோஸ் இலையும் சேறும் கலந்து வழுக்கும். கொத்தமல்லிக் கட்டு, அழுகின தக்காளி, மாட்டுச் சாணி, சாக்கு எல்லாம் சேர்ந்து ஒரு வாசம். எதிரே மூட்டை வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூட்டை தூக்குகிறவர் நிற்க மாட்டார், நிற்கவும் முடியாது. "வழி, வழி, வழி" என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போவார். தலையில் சும்மாடு, இடுப்பில் செருகின இரும்புக் கொக்கி. அந்தக் கொக்கியின் பிடி, கை பட்டுப் பட்டு, பித்தளை மாதிரிப் பளபளக்கும்.

மண்டி வாசலில் எப்போதும் பத்துப் பதினைந்து பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்பா யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "பட்டாளம்", "மூலக்கொத்தளம்" என்று பேட்டையைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எனக்கு யாராவது ஒருத்தி கட்டாயம் ஒரு கேரட்டைக் கையில் திணிப்பாள்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மளிகை, பருப்பு, முந்திரி வியாபாரம் எப்போதும்போல ஜோராக நடக்கிறது. மண்டி இருந்த இடம் மட்டும் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. தரை காய்ந்திருந்தது. அந்தத் தரையை நான் காய்ந்து பார்த்ததே இல்லை.

இரண்டு கேள்விகள். இந்தக் குறிகளுக்கு என்ன அர்த்தம்? அப்புறம், கடை வைத்திருந்தவர்கள் கோயம்பேடு போனார்கள், சரி. வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே போனார்கள்?

மண்டிப் பையன் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் பன்னிரண்டு வயதில் அதே சாவடியில் உருளைக்கிழங்கு மண்டியில் எடுபிடியாகச் சேர்ந்தவன். எங்கள் கணக்குப்பிள்ளையும் இப்படித்தான் எழுதுவார்.

நீங்கள் எழுத்து என்று நினைப்பது எழுத்து இல்லை, தமிழ் எண். 'கூ' மாதிரித் தெரிவது ௯, அதாவது ஒன்பது. 'ரு' மாதிரி இருப்பது ௫, ஐந்து. 'எ' என்பது ௭, ஏழு. 'அ' என்பது ௮, எட்டு. 'உ' என்பது ௨, இரண்டு. எங்களுக்கு ஒரு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார்கள்: கடுகு, உளுந்து, ஙனைச்சு, சமைச்சு, ருசிச்சு, சாப்பிட்டேன், என, அவன், கூறினான். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் வரிசையாக ஒன்று முதல் ஒன்பது வரை. இதை வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். பட்டாளம் ஆயா 95 ரூபாய். கல் மூக்குத்தி 78. ரெட்டைச்சடை 52.

வால் இழுத்த 'வ' என்பது ௷. வரவு. பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு ஜோடி ௶, பற்று. ௸ என்று ஒன்று வரும், அது 'மேற்படி'. 'தாது' என்பது வருஷத்தின் பேர். பிரபவ, விபவ என்று வரிசையாக வருமே, அதில் தாது வருஷம் 1996 சித்திரையில் பிறந்தது. பக்கத்தில் இருக்கும் நெளிந்த குறி ௵, வருஷம் என்பதற்கு. மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. ஆக உங்கள் கையில் இருப்பது சாவடியின் கடைசி வருஷக் கணக்கு.

'நா' என்றால் நாளை.

இதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கூடைக்காரப் பெண்கள் கையில் காசு இல்லாமல்தான் வருவார்கள். விடியலில் சரக்கை எடுத்துக்கொண்டு போய், தெருத்தெருவாக விற்று, வந்த காசில் அரிசி வாங்கி, மீதியை அடுத்த நாள் காலை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுபடி சரக்கு எடுப்பார்கள். கையெழுத்துக் கிடையாது, வட்டி கிடையாது. தண்டல்காரரிடம் போனால் காலையில் 90 ரூபாய் வாங்கி சாயங்காலம் 100 கட்ட வேண்டும். மண்டியில் 'நா' என்ற ஒரே எழுத்தோடு முடிந்தது. யாருக்கு 'நா' போடலாம், யாருக்குக் கூடாது என்று முடிவு செய்வது முதலாளி இல்லை, கணக்குப்பிள்ளை. ஆளின் முகம், வீடு, புருஷன் குடிக்கிறானா, பிள்ளை எத்தனை எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். வராமல் போனால் அந்தத் தொகை அவர் தலையில்தான் விடியும். எங்கள் மண்டியில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

உங்கள் அப்பா பக்கம் பக்கமாக 'நா' போட்டிருக்கிறார் என்றால் அவர் எப்பேர்ப்பட்ட மனுஷர் என்று எனக்குப் புரிகிறது.

ஏழுகிணற்றுக்காரி எழுதியது:

ஐயா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து நாற்பது பக்கம் படித்துவிட்டேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பட்டாளம் ஆயா சித்திரையிலிருந்து ஒரு நாள் தவறாமல் இருக்கிறாள். ஆடியில் ஒன்பது நாள் இல்லை, மறுபடி வருகிறாள். அந்த ஒன்பது நாளும் அவளுக்கு என்ன என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

சகோதரி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். நான் கட்டுமானத் துறையில் இருந்தவன், அந்தப் பகுதியை வேறொரு கண்ணால் பார்த்தவன். மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த மார்க்கெட் அங்கே தொடர்ந்திருக்க முடியாது. ஜார்ஜ் டவுன் தெருக்கள் மாட்டுவண்டிக் காலத்தில் போட்டவை. நாசிக்கிலிருந்து வெங்காய லாரி, மேட்டுப்பாளையத்திலிருந்து உருளை லாரி, ஆந்திராவிலிருந்து தக்காளி லாரி எல்லாம் ஒரே ராத்திரியில் வந்து சேரும். உள்ளே வந்த லாரி திரும்ப இடம் கிடையாது. தெருமுனையிலேயே நிறுத்தி, அங்கிருந்து மண்டி வரைக்கும் மனுஷன் முதுகுதான். மூட்டை 50 கிலோவுக்குக் குறையாது. நீங்கள் பார்த்த பளபளக்கும் கொக்கிப் பிடியை நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிடியைப் பளபளப்பாக்கின கை நாற்பது வயதுக்கு மேல் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. தீப்பிடித்திருந்தால் தீயணைப்பு வண்டி உள்ளே நுழைந்திருக்காது. மழைக்காலத்தில் அந்தக் கழிவு முழுக்க எங்கே தேங்கியது என்று அங்கே குடியிருந்தவர்களைக் கேளுங்கள்.

மாற்றும் யோசனை 1970களிலேயே வந்துவிட்டது. நெரிசலைக் குறைக்க மொத்த வியாபாரங்களை நகருக்கு வெளியே கொண்டுபோவது என்பது பெருநகர வளர்ச்சித் திட்டத்தில் இருந்த ஒன்று. இரும்பு வியாபாரத்துக்குச் சாத்தங்காடு, லாரிகளுக்கு மாதவரம், காய், கனி, பூவுக்குக் கோயம்பேடு. 295 ஏக்கர். 1996இல் திறந்தார்கள். அகலமான சாலை, லாரி நிறுத்துமிடம், மூவாயிரத்துக்கு மேல் கடை. கட்டினவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நல்ல வேலை.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கடை, கிடங்கு, வண்டி, தண்ணீர் எல்லாவற்றுக்கும் நாங்கள் கணக்குப் போடுவோம். 150 சதுர அடிக் கடை ஒன்றை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டிவிடலாம். 'நா' என்ற எழுத்தை எந்த வரைபடத்தில் போடுவது? கடைக்குப் பட்டியல் உண்டு, ஒதுக்கீடு உண்டு. வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு எந்தப் பட்டியலிலும் பேர் இருக்காது. உங்கள் அப்பாவின் சிட்டையில்தான் இருந்திருக்கிறது.

அன்று கோயம்பேடு ஊருக்கு வெளியே. 2002இல் பேருந்து நிலையம் வந்தது, 2015இல் மெட்ரோ வந்தது. இப்போது ஊர் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. தெற்கே போகும் வெளியூர்ப் பேருந்துகள் 2023 கடைசியிலிருந்து கிளாம்பாக்கத்துக்குப் போனதும், மார்க்கெட்டுக்கும் இதே நிலைமை வருமோ என்ற பேச்சு அங்கே காதில் விழுகிறது. மறுபடி மாற்றுவதானால் யாராவது இந்தச் சிட்டையைக் கொண்டுபோய் மேசை மேல் வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

உதிரிப்பூ எழுதியது:

அக்கா, நான் கோயம்பேட்டில் சின்னதாகப் பூக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அம்மா கதையைச் சொன்னால் கொஞ்சம் பதில் கிடைக்கும்.

காய்கறிக்குக் கொத்தவால்சாவடி என்றால் பூவுக்குப் பத்ரியன் தெரு. எங்கள் வீடு தங்கசாலைப் பக்கம். அம்மா விடியலில் பத்ரியன் தெருவுக்கு நடந்து போய் இரண்டு கிலோ உதிரிமல்லி வாங்கி வருவாள். வீட்டு வாசலில் உட்கார்ந்து எட்டு மணிக்குள் கட்டி முடித்து, கந்தகோட்டம் வாசலில் முழம் போட்டு விற்பாள். ஒரு நடையில் போய், ஒரு நடையில் வந்துவிடுவாள். அடுப்பில் சோறு வைத்துவிட்டுப் போனால் குழையுமுன் திரும்பிவிடுவாள்.

பூ மொத்த வியாபாரமும் கோயம்பேட்டுக்குப் போனது. அம்மா விடவில்லை. எங்கள் தெருவில் ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். தினம் ஒருத்தி போய் எல்லோருக்கும் வாங்கி வருவது, ஆட்டோ வாடகையை ஏழாகப் பிரிப்பது. ஒரு வருஷம்போல நடந்தது. அப்புறம் சண்டை வந்தது. அவளவள் வாங்கினால்தான் பூவைக் கையில் அள்ளிப் பார்த்து, மொட்டு எவ்வளவு, நேற்றுப் பூ எவ்வளவு என்று தெரியும். இன்னொருத்தி வாங்கி வந்தால் குறை சொல்லத்தான் தோன்றும். ஏழு பேர் நாலானார்கள். நாலு பேர் இரண்டானார்கள். அம்மா கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு நெற்குன்றம் வந்துவிட்டாள். அதனால்தான் இன்று எனக்குக் கடை இருக்கிறது. மற்ற ஆறு பேரில் மூன்று பேர் வீட்டு வேலைக்குப் போனார்கள். ஒருத்தி கோயில் வாசலிலேயே வேறொரு ஆளிடம் கட்டின பூவை வாங்கி விற்றாள், அதில் பாதி லாபம்கூட நிற்காது. மீதிப் பேரைப் பற்றி அம்மாவுக்கே தெரியாது.

கோயம்பேட்டிலும் கடன் உண்டு அக்கா, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் புதுசாக வருகிறவர்களுக்குக் கிடைக்காது. வீடு எங்கே என்று தெரியாத ஆளுக்கு எப்படிக் கொடுப்பது? அங்கே எல்லோரும் எங்கிருந்தோ வருகிறார்கள். கடனுக்கு வீடு நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும்.

2020 மே மாதம் கொரோனாவில் கோயம்பேட்டை மூடினார்கள். காய்கறியைத் திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். மழை பெய்து சேறாகி, தகரக் கொட்டகைக்குள் தண்ணீர் நின்றது. காய்கறிக் கடைகளே செப்டம்பர் கடைசியில்தான் திரும்ப வந்தன. அந்த மாதங்களில் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "இது எனக்கு இரண்டாம் தடவை." அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய புத்தகம் எழுதியது:

இந்த இழையில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசில்லை. 1900இல் திறந்தது, நகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் பேரில். சிவப்புச் செங்கல் கட்டடம், நடுவே முற்றம். 1985 மே 30இல் எரிந்தது. ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடம் வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது.

எனக்கு அப்போது கல்லூரி முதல் வருஷம். மறுநாள் போனேன். நான் வழக்கமாகப் புத்தகம் வாங்குகிற பெரியவர் எரிந்துபோன கடைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நாலு புத்தகம், ஓரம் கருகினவை. "என்ன வேணும் தம்பி?" என்று கேட்டார், தினமும் கேட்கிற அதே குரலில். ஒன்றை வாங்கிக்கொண்டேன். வேதியியல் புத்தகம், எனக்குத் தேவையே இல்லாதது. இன்னும் வைத்திருக்கிறேன்.

கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். கூப்பிடு தூரம்தான், சாலையைத் தாண்டினால் போதும். பத்து கிலோமீட்டர் தள்ளிப் போன உங்கள் சாவடியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பழைய கூட்டம் வரவில்லை. மூர் மார்க்கெட்டுக்கு யாரும் ஒரு பொருளைத் தேடி வந்ததில்லை. ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்று நுழைந்து, கிராமபோன் தட்டும் புறாவும் பழைய அகராதியும் பார்த்துக்கொண்டே போய் எதையாவது வாங்கி வருவார்கள். அல்லிக்குளத்துக்கு மெனக்கெட்டுப் போக வேண்டியிருந்தது. அந்தச் சாலையைத் தாண்டுவதற்குள் அவசரம் வந்துவிடுகிறது மனுஷனுக்கு.

எரிந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையமும் முன்பதிவு மையமும். அந்த ரயிலில்தான் நான் முப்பது வருஷம் வேலைக்குப் போய்வந்தேன், எனவே அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நிலைய வளாகத்தில் பழைய கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கடக்கும்போதெல்லாம் பெரியவர் உட்கார்ந்திருந்த மூலை அந்த மாதிரியில் எந்தப் பக்கம் வரும் என்று பார்ப்பேன்.

மண்டிப் பையன் எழுதியது:

அம்மா, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சிட்டையைப் பின்பக்கத்திலிருந்து திருப்பிப் பாருங்கள். வருஷக் கணக்கு முடிக்கும்போது நிலுவையை மட்டும் பின்னாலிருந்து தலைகீழாகப் பிடித்து எழுதுவது வழக்கம். மண்டி மூடின சமயத்தில் பாக்கி நின்றவர்கள் பட்டியல் அங்கே இருக்கலாம். வரவுக்குறி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏழுகிணற்றுக்காரி எழுதியது:

இருந்தது, ஐயா.

கடைசி அட்டையை ஒட்டி இரண்டு பக்கம். மொத்தம் இருபத்துமூன்று பேர். ஒவ்வொரு வரியிலும் பேட்டை, தொகை, 'நா'. கூட்டிப் பார்த்தோம், 1,684 ரூபாய் வருகிறது. அந்த வருஷம் அப்பா மண்டியிலிருந்து கணக்கு முடித்துக்கொண்டு வந்தபோது கையில் கொண்டுவந்தது குறைவாக இருக்கிறது என்று அம்மா கேட்டதும், அவர் பதில் சொல்லாமல் கைகால் கழுவப் போனதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு காலம் முதலாளிதான் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

இருபத்துமூன்றில் பதினேழு வரிகளுக்கு நேரே ௷ இருக்கிறது. பக்கத்திலேயே தேதி: தை௴ ௯௳. மாசி௴ ௨௳. பங்குனி௴ ௫௳. தாது வருஷத்துத் தை என்றால் 1997 ஜனவரி. அப்போது சாவடி மூடி மாதக்கணக்காகிவிட்டது. மண்டியே இல்லாதபோது வரவு எங்கே வந்தது என்று மகள்தான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்தது.

அந்தத் தை மாதம் நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். இந்த மகள்தான் அப்போது பிறந்தவள். தினம் யாராவது ஒரு அம்மா கூடையோடு வாசலில் வந்து நிற்பாள். எப்படி வீட்டைக் கண்டுபிடித்தார்களோ. ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டுவந்தாள், பால் சுரக்கும் என்று. ஒருத்தி குழந்தையின் கையைப் பிரித்து ஒரு ரூபாய் வைத்தாள். பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். போகும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்து அப்பாவிடம் ஏதோ கொடுப்பார்கள். அப்பா எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போவார். உள்ளே போய் இதைத்தான் எழுதியிருக்கிறார்.

பட்டாளம் ஆயா மாசி இரண்டாம் தேதி வந்திருக்கிறாள். 95 ரூபாய், முழுசாக.

மீதி ஆறு வரிகளுக்கு நேரே குறி இல்லை. அப்பா அடிக்கவும் இல்லை, அப்படியே விட்டிருக்கிறார். அந்த ஆறையும் கீழே தருகிறேன். தொகையை எழுதவில்லை, அது இங்கே வேண்டாம்.

கல் மூக்குத்தி
புளியந்தோப்பு அக்கா
வண்ணாரப்பேட்டை புதுசு
யானைக்கவுனி, கைக்குழந்தை
கொண்டித்தோப்பு ஊமை
மூலக்கொத்தளம் ரெட்டைச்சடை

உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ 1996க்கு முன்னால் சாவடியில் வெங்காயம் எடுத்து விற்றிருந்தால், இந்தப் பட்டியலை ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள். யாராவது "அது நான்தான்" என்று சொன்னால் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள், நானே வந்து பார்க்கிறேன். கைக்குழந்தை என்று எழுதியிருக்கிறாரே, அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பது வயதாவது இருக்கும்.